நாலு ஊருக்கு ஒரே பெயர்ப்பலகை

‘வெளிநாட்டில் பார்த்த சின்ன ஊர்களில் மனதில் நின்றது எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வைசன்கிர்ஷன். ஆஸ்திரியாவில் வாஹாவ் பள்ளத்தாக்கில், டானூப் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. வியன்னாவில் வேலை பார்த்தபோது ஒரு ஜூலையில் போய் மூன்று நாள் தங்கினேன்.

பெயர்தான் ஒன்று, ஊர் நான்கு: வைசன்கிர்ஷன், யோஹிங், வோசன்டோர்ஃப், சாங்க்ட் மிஹாயேல். நாலும் சேர்ந்தே சுமார் 1,400 பேர். நம் ஊராட்சிகளுக்குள் குக்கிராமங்கள் அடங்குகிற மாதிரிதான். மேயர் ஒருவர், மன்றம் ஒன்று. ஆனால் நான் தங்கிய வீட்டம்மாவிடம் “நீங்க வைசன்கிர்ஷன்தானே?” என்று கேட்டதும், “இல்லை, யோஹிங்” என்று பட்டென்று பதில் வந்தது. இரண்டுக்கும் நடை தூரம்தான்! யோஹிங்குக்கும் வோசன்டோர்ஃபுக்கும் ரயில் நிலையம் ஒன்றே. பலகையில் இரண்டு பெயரும் உண்டு. எது முதலில் வருவது என்று எத்தனை பஞ்சாயத்து நடந்ததோ.

மலைச்சரிவு முழுக்கச் சாந்து பூசாமல் கல் அடுக்கிக் கட்டிய படிகள், அவற்றில் திராட்சை. கீழே சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) மரங்கள். ஜூலைதான் அதன் அறுவடைக் காலம். முழுப் பழத்தை மாவுக்குள் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். பார்க்க நம் மோதகம்தான், கடித்தால் புளிப்பு.

சாயங்காலம் எங்கே சாப்பிடுவது என்பதற்கு வாசலைப் பார்த்தால் போதும். பச்சைக் கிளை தொங்கினால் அந்தத் திராட்சைக்காரர் வீடு இன்று திறந்திருக்கிறது, அவர் தோட்டத்து ஒயின் கிடைக்கும். 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசப் கொடுத்த அனுமதி, இன்னும் ஓடுகிறது.

அக்கரைக்குப் போகும் படகுக்கு எஞ்சினே கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் கோத்துவிட்டிருக்கிறார்கள். ஓடக்காரர் சுக்கானைத் திருப்ப, நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகிறது. காரையும் ஏற்றுகிறார்கள்.

சாங்க்ட் மிஹாயேல் தேவாலயக் கூரையில் ஏழு களிமண் முயல்கள் ஓடும். ஒரு குளிர்காலத்தில் பனி கூரைவரை ஏறி, முயல்கள் அதன்மேல் ஓடினவாம். பனி உருகியதும் இறங்க வழியில்லையாம். திரும்பி வந்து இதை வீட்டம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னேன்.

“அதெல்லாம் மிஹாயேல்காரங்க விடுற கதை” என்றார்.