பயிற்சிக்கு முன்னால் குழந்தைக்கு ஓர் இடம்

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 29, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நான்கு வயதில் ஒரு மகள், 14 மாதத்தில் ஒரு மகன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான்கு வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். முறையாகப் பயிற்சி எடுத்து ஆயத்த ஆடை ஆலையில் வேலைக்குப் போக ஆசை. பயிற்சிக்கும் அரசு பணம் தருகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பணம் தருகிறது என்கிறார்கள். தெரிந்த ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தால் இரண்டையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இது உண்மையா? நான் எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் நிலையில் இருப்பவர் சேரக்கூடிய அரசுத் திறன் பயிற்சிகள் பெண்களுக்கு இலவசம். இடைத்தரகர் யாரும் தேவையில்லை. யாராவது பணம் கேட்டால், அவர் பயிற்சி மையத்தைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள்.

உங்கள் காதுக்கு வந்த செய்தியில் பாதி உண்மை. பயிற்சிக்கு அரசு பணம் தருகிறது, ஆனால் அது உங்கள் கைக்கு வருவதில்லை. பயிற்சி நடத்தும் நிறுவனத்துக்குத் தவணை தவணையாகப் போகிறது. வகுப்பு தொடங்கும்போது ஒரு பகுதி, தேர்வு முடிந்தபின் ஒரு பகுதி, வேலையில் சேர்ந்தபின் ஒரு பகுதி என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பாதியில் நின்றால் மையத்துக்கும் நட்டம். அதனால் சேரும்போதே "எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது, காலையில் அரை மணி நேரம் தாமதமாக வரும் நாள் உண்டு, என்ன செய்யலாம்?" என்று தயங்காமல் கேட்கலாம். உங்களைக் கடைசிவரை வகுப்பில் உட்கார வைக்க வேண்டியது அவர்களுக்கும் அவசியம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பணம் என்பது தவறான தகவல். அதற்காக அரசு மாதாமாதம் தொகை எதுவும் தருவதில்லை. அரசு தருவது இடம்: அங்கன்வாடி, காப்பகம். பயிற்சி ஒரு துறையில் இருக்கிறது, குழந்தை இன்னொரு துறையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்க வழியில்லை. சேர்த்து முடிச்சுப் போடும் வேலை கடைசியில் தாயின் தலையில்தான் விழுகிறது. பயிற்சிச் சேர்க்கைப் பணியில் இருந்த வருடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆர்வமாக வந்து சேர்ந்து, நன்றாகக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் காணாமல் போவார்கள். விசாரித்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள், அல்லது பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார் என்பார்கள். பதிவேட்டில் 'இடைநிற்றல்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைத் தேடுவோம். அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் மனசு உறுத்தும். அந்தப் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. வரிசைதான் தவறு. எந்தப் பயிற்சி என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிள்ளைக்கு அப்புறம் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

நீங்கள் அதை மாற்றிச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கான இடத்தை முதலில் பாருங்கள்.

மகளுக்குச் சிக்கல் இல்லை. நான்கு வயது என்பதால் ஊர் அங்கன்வாடியில் முன்பருவக் கல்வியும் மதிய உணவும் உண்டு. ஆனால் அங்கன்வாடி பிற்பகலோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் வீடு திரும்பும்வரை அவளை யார் வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு மட்டும் ஒரு பெயர் உங்களிடம் இருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் மகனுக்குத்தான். நம் ஊர் அங்கன்வாடிகள் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் மையத்தில் உட்கார வைக்கின்றன. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும், தடுப்பூசிக் கணக்கு வரும், ஆனால் பகல் முழுக்க வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. 14 மாதக் குழந்தைக்குத் தேவை காப்பகம்.

அதற்கான மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் பால்னா. முன்பு தேசிய குழந்தைகள் காப்பகத் திட்டம் என்று இருந்ததை 2022-இல் பெண்களுக்கான மிஷன் சக்தி என்ற மத்திய அரசுத் திட்டத்துக்குள் கொண்டுவந்து இந்தப் பெயர் வைத்தார்கள். 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்க்கலாம். தனியாக நடக்கும் காப்பகங்களும் உண்டு, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களும் உண்டு. நாடு முழுவதும் 17,000 அங்கன்வாடி-காப்பகங்கள் என்பது இலக்கு. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. உங்களுக்கு இதில் முக்கியமானது வேறொன்று. தாய் வேலையில் இருக்கிறாரா என்று இந்தத் திட்டம் பார்ப்பதில்லை. பயிற்சிக்குப் போகும் தாயும் பிள்ளையைச் சேர்க்கலாம். "வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான்" என்று யாராவது சொன்னால், பழைய விதியை நினைவில் வைத்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை அழுத்தமாகக் கேளுங்கள்.

யாரைக் கேட்பது? அங்கன்வாடிப் பணியாளரிடம் தொடங்குங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் வட்டாரத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பாருங்கள். எந்த ஊரில் காப்பகம் நடக்கிறது, இடம் இருக்கிறதா என்பதை அவர் அலுவலகத்தில் சொல்வார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள். சேர்ப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் தூங்கும் இடம், கழிப்பறை, குடிநீர், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பணியாளர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு காப்பகத்தை மதிப்பிட நான் முதலில் கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

காப்பகம் மாதம் 26 நாள், தினமும் ஏழரை மணி நேரம் என்பது திட்ட விதி. எட்டு மணி நேர வகுப்புக்கு மேல் போக வர ஒன்றரை மணி நேரம் பேருந்தும் இருந்தால் கணக்கு ஒத்துவராது. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் பக்கம் காப்பகமே இல்லை என்றால்? கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உங்களைப் போன்ற தாய்மார்கள் பத்துப் பேராவது சேர்ந்து பிள்ளைகளின் பெயர், வயதோடு பட்டியல் போட்டு, ஊர் அங்கன்வாடியைக் காப்பகமாகவும் நடத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைத் திட்ட அலுவலருக்குக் கொடுங்கள். உடனே நடந்துவிடாது. ஆனால் தேவை இருப்பதைக் காட்டும் காகிதம் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. அதுவரை சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவிடம் மாதம் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. சொந்தக்காரர்தானே என்று இலவசமாக விடுவதைவிடக் கொஞ்சம் பணம் கொடுத்து விடுவது நீடிக்கும் என்பது என் அனுபவம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் நான்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் நான்கும் உங்களுக்குச் சமமில்லை.

கிராமத்து இளைஞர்களுக்கு என்றே இருப்பது தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம். 2014-இல் வந்தது. பொதுவாக 35 வயது வரை, பெண்களுக்கு 45 வரை. வீட்டில் ஒருவர் சுயஉதவிக் குழுவில் இருந்தாலே தகுதி உண்டு. மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகம்தான் இதற்குப் பொறுப்பு. உணவும் தங்குமிடமும் தந்து மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து, வேலையும் வாங்கித் தருவார்கள். நல்ல திட்டம், ஆனால் தங்கிப் படிக்கும் வகுப்பு இப்போது உங்களுக்கு வேண்டாம் என்பேன். விடுதிச் செலவு பயிற்சி பெறுபவருக்கு மட்டும்தான், பிள்ளைக்கு அங்கே இடமில்லை. 14 மாதக் குழந்தையை விட்டுவிட்டு மூன்று மாதம் இருக்க முடியும் என்று உங்களுக்கே தோன்றினால் ஒழிய, யாருடைய வற்புறுத்தலுக்காகவும் சேராதீர்கள். போய்வரும் வகுப்பு பக்கத்தில் நடந்தால் பார்க்கலாம்.

இரண்டாவது ஆர்செட்டி என்று சொல்லப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். மாவட்டத்தின் முன்னோடி வங்கி, அதாவது மாவட்டத்தில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி, நடத்துவது. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறிய முயற்சியைப் பார்த்துத்தான் பிற்பாடு நாடு முழுக்க இந்த அமைப்பு வந்தது. தையல் வகுப்பு ஒரு மாதம் அளவுக்கு இருக்கும். முடித்தபின் கடை வைக்க வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். ஆலை வேலையைவிடச் சொந்தத் தொழிலுக்கு ஏற்றது. ஒரு மாதம்தானே, கணவரோ உங்கள் அம்மாவோ சமாளித்துவிடலாம் என்பது இதிலுள்ள வசதி.

மூன்றாவது மக்கள் கல்வி நிறுவனம், இந்தியில் ஜன் சிக்ஷன் சன்ஸ்தான். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 15 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஊருக்குள்ளேயே துணை மையம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். தினமும் சில மணி நேர வகுப்பு, காப்பகத்தின் ஏழரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் நடப்பதால் பிள்ளைக்கு ஏதாவது என்றால் ஓடிவரலாம். உங்கள் மாவட்டத்தில் எந்த ஊர்களில் வகுப்பு நடக்கிறது என்று விசாரியுங்கள். இருபது பெண்கள் சேர்ந்தால் உங்கள் ஊருக்கே கேட்டுப் பார்க்கலாம்.

நான்காவது பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம். மத்திய அமைச்சரவை 2025 பிப்ரவரியில் இதையும் மக்கள் கல்வி நிறுவனத் திட்டத்தையும் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) திட்டத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, 2026 மார்ச் வரைக்கும் 8,800 கோடி ரூபாய் ஒதுக்கியது. இப்படிக் காலவரம்பு போட்டு நடக்கும் திட்டங்களில் பெயரும் விதியும் அவ்வப்போது மாறும் என்பதால், வகுப்பு இப்போது நடக்கிறதா என்று மையத்தில் உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். இதில் உங்களுக்குப் பொருத்தமானது முன் அனுபவத்துக்கு அங்கீகாரம் தரும் பிரிவு. நான்கு வருடமாகத் தைக்கிறீர்கள். குறுகிய அறிமுக வகுப்பும் ஒரு தேர்வும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். 18 முதல் 59 வயது வரை சேரலாம். மாதக்கணக்கில் பிள்ளையை விட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: ஜாக்கெட் தைப்பதும் ஆலையில் பவர் மெஷினில் ஒரே தையலை வேகமாகப் போடுவதும் வேறு வேறு கைப்பழக்கம். சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆலையில் உடனே அதிகக் கூலி தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எதில் சேர்ந்தாலும் பெண்களுக்குப் பயணப்படி உண்டா என்று கேளுங்கள். தந்தால் அது ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். மையம் உண்மையானதா என்பதை ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் பார்க்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அந்தப் பேருந்து போகும் வழியில் மையம் இருந்தால் பயணச் செலவே மிச்சம்.

பயிற்சி முடிந்து ஆலைக்குப் போகும்போது நிலைமை மாறும், உங்களுக்குச் சாதகமாக. பயிற்சிக் காலத்தில் நீங்கள் தொழிலாளி இல்லை. தொழில் பழகுநராகச் சேர்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் பயிற்சி பெறுபவர்தான். அதனால் காப்பகத்தை உரிமையாகக் கேட்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண் தொழிலாளர் எண்ணிக்கையை வைத்துத்தான் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அந்த எண்ணிக்கைக்குக் கீழேயே பெண்களை நிறுத்திக்கொள்ளும் வழி அதில் இருந்தது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து 50 பேர் வேலை செய்தால் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று வந்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 50 என்ற எண் இருக்கிறது. வேலை வாங்கித் தரும்போது எந்த ஆலை, எவ்வளவு சம்பளம் என்பதோடு, "காப்பகம் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை?" என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ஆலையைக் காட்டச் சொல்லுங்கள்.

என் யோசனை இது. இந்த வாரம் அங்கன்வாடிப் பணியாளரையும் திட்ட அலுவலரையும் பார்த்து மகனுக்கு இடம் தேடுங்கள். இடம் கிடைத்தால், அவன் அங்கே பழகுவதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். முதலில் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள், அப்புறம் முழுநாள். அவன் அழாமல் மதியச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கியபின் மக்கள் கல்வி நிறுவன வகுப்பிலோ ஆர்செட்டியிலோ பெயர் கொடுங்கள். இடம் கிடைக்கவில்லையென்றால் முன் அனுபவச் சான்றிதழை மட்டும் இப்போது வாங்கிக்கொண்டு, மகனுக்கு இரண்டு வயது நிறைந்து அக்காவோடு அங்கன்வாடிக்குப் போகும்வரை நீண்ட வகுப்பைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. அப்போது உங்களுக்கு 30 வயது நடக்கும், மேலே சொன்ன நான்கில் எதிலும் வயது தடையாக இருக்காது.