ரொட்டிக்கடையிலிருந்து பிரதமர் நாற்காலிக்கு

கேள்வி: ஹெய்ட்டி என்றாலே ஆட்சிக் கவிழ்ப்பு, நிலநடுக்கம், ஆயுதக் கும்பல் என்றுதான் செய்தி வருகிறது. அங்கே ஒழுங்காக ஆண்ட ஒருவர்கூடவா இல்லை?

பதில்: ஏன் இல்லை, ரெனே ப்ரெவால் இருந்தாரே. 1991-ல் பிரதமர், அப்புறம் இரண்டு முறை அதிபர். 1804-ல் சுதந்திரம் பெற்ற நாடு அது. அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு அதிபர் ஐந்து வருடமும் முழுசாக இருந்து, குறித்த நாளில், தேர்தலில் ஜெயித்த அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனது 2001 பிப்ரவரி 7-ம் தேதிதான் முதல் தடவை. அப்படிப் போன அந்த முதல் ஆள் ப்ரெவால். பதவிக்காலம் முடிந்தால் இறங்கத்தானே வேண்டும், இதில் என்ன பெருமை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அவருக்கு முன்னால் இருந்தவர்களில் எத்தனை பேர் சுடப்பட்டும் துரத்தப்பட்டும் போனார்கள் என்று படித்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும். இறங்கிய கையோடு அவர் வெளிநாட்டுக்குப் போகவில்லை, தன் குடும்பத்தின் பூர்வீக ஊரான மார்மலாட் என்ற மலை ஊருக்குப் போய் மூங்கில், காப்பி என்று விவசாயிகளோடு வேலை பார்த்தார்.

கேள்வி: அவர் ரொட்டிக்கடை வைத்திருந்தவர் என்று படித்தேன். அங்கிருந்து எப்படிப் பிரதமரானார்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். ஆனால் வீடு ஏழை வீடு இல்லை, அப்பா விவசாய மந்திரியாக இருந்தவர். சர்வாதிகாரி துவாலியே காலத்தில் குடும்பமே நாட்டைவிட்டு வெளியேற, ப்ரெவால் பெல்ஜியத்தில் விவசாயம் படித்தார், பிறகு நியூயார்க்கில் கிடைத்த வேலையைச் செய்து காலம் தள்ளினார். ஊர் திரும்பியபின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேக்கரி நடத்தினார். ஏழைகளுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த பாதிரியார் அரிஸ்டீட், தெருப்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திவந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ரொட்டி போனது இந்தக் கடையிலிருந்துதான், இருவருடைய நட்பும் அதில்தான் பலப்பட்டது. 1990 டிசம்பர் தேர்தலில் அரிஸ்டீட் அமோகமாக ஜெயித்ததும் பிரதமர் பதவிக்கு ப்ரெவாலைக் கூப்பிட்டார். ஏழரை மாதம்தான்! 1991 செப்டம்பர் 30-ல் ராணுவம் ஆட்சியைப் பிடிக்க, இருவருமே நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

கேள்வி: 2006 அதிபர் தேர்தலில் குப்பைமேட்டில் ஓட்டுச்சீட்டு கிடைத்ததாமே?

பதில்: ஆமாம், பாதி எரிந்த நிலையில். பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் இரண்டாவது சுற்று இல்லாமல் ஜெயிக்க முடியும். எண்ணிக்கையில் ப்ரெவால் 50 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டிருந்த நேரம் அது, இரண்டாவது இடத்தில் இருந்தவருக்கு 12 சதவீதம்கூட வரவில்லை. சேரி மக்கள் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தார்கள், ஒரு கூட்டம் மலைமேல் இருக்கும் மான்டானா ஹோட்டலுக்குள் ஏறி, பணக்காரர்கள் குளிக்கும் நீச்சல்குளத்தில் குதித்துக் குளித்தது. கடைசியில் எதுவும் குறிக்காமல் போட்ட வெற்றுச் சீட்டுகளை எல்லா வேட்பாளர்களுக்கும் விகிதப்படி பிரித்துக்கொடுத்து, 51 சதவீதம் என்று அறிவித்தார்கள். கணக்கு சரியா தப்பா என்று இன்றும் வாதம் செய்யலாம், மக்கள் மனசு யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கேள்வி: அவரிடம் குறையே இல்லையா?

பதில்: நிறைய உண்டு. 1999-ல் நாடாளுமன்றத்தின் காலம் முடிந்துவிட்டதென்று சொல்லி உத்தரவுகளாலேயே ஆண்டார், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2000 ஏப்ரலில் வானொலிப் பத்திரிகையாளர் ஜான் தொமினிக் தன் நிலையத்தின் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ப்ரெவாலுக்கு நெருங்கிய நண்பர் அவர், அப்படியிருந்தும் கொன்றவர்களைத் தண்டிக்க இவருடைய அரசால் முடியவில்லை. 2008-ல் அரிசி விலை ஏறி ஜனங்கள் பசியோடு தெருவில் நின்றபோது செனட் அவருடைய பிரதமரை நீக்கியது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் அதிபர் மாளிகையும் இடிந்து, சொந்த வீடும் இடிந்து, இரவு எங்கே தூங்குவதென்றே தெரியாத நிலையில் இருந்தார். பிறகு விமான நிலையத்துக்குப் பக்கத்துப் போலீஸ் கட்டடத்திலிருந்துதான் அரசாங்கம் நடந்தது. அதெல்லாம் புரிகிறது. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நாட்கணக்கில் வீதியில் கிடந்தபோது நாட்டுத் தலைவரிடமிருந்து ஆறுதலாக ஒரு வார்த்தை எதிர்பார்த்தார்கள், அது சரியாக வந்து சேரவில்லை. சுபாவத்திலேயே அதிகம் பேசாதவர், ஆனால் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த தேர்தலில் அவர் நிறுத்திய ஆள் இரண்டாவது சுற்றுக்கே வரவில்லை, பாடகர் மார்ட்டெல்லி ஜெயித்தார். 2011 மே 14 அன்று தற்காலிக நாடாளுமன்றக் கட்டடத்தில் பதவியேற்பு, விழா நடுவில் மின்சாரம் போய்விட்டது. அந்த இருட்டிலும் புழுக்கத்திலும் நின்றபடி, தனக்குப் பிடிக்காத அந்த மனிதரிடம் ப்ரெவால் இரண்டாவது தடவையாக நாட்டை ஒப்படைத்தார்.