ஜெர்மனியில் பழைய ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் எங்கே கொடுப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டது. குடிவந்த வீட்டில் குளிராத ஃபிரிட்ஜ் ஒன்று, டிரம் சுற்றாத வாஷிங் மெஷின் ஒன்று. கூடவே பழைய லேப்டாப், இரண்டு செல்பேசி, ஒரு பெட்டி நிறைய சார்ஜர், வயர், பல்பு. கார் இல்லை. "ராத்திரி ரோட்டோரம் வைத்துவிடு, யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். செய்யலாமா, அபராதம் வருமா என்று கேட்கிறீர்கள்.

வைக்காதீர்கள். அபராதத் தொகை ஊருக்கு ஊர் மாறும், ஆனால் ஃபிரிட்ஜ் போன்ற பெரிய பொருளுக்கு நூற்றுக்கணக்கான யூரோவோ அதற்கு மேலோ கூடப் போகலாம். வைத்தவர் யார் என்று தெரியாமல் போனாலும், கட்டடத்து முற்றத்தில் கிடந்ததை அள்ளிய செலவு குடியிருப்போர் எல்லாருடைய வருடாந்தரத் துணைச்செலவுக் கணக்கிலும் (வாடகையோடு கட்டடப் பராமரிப்புக்காகக் கட்டுவது) ஏறக்கூடும். இத்தனைக்கும் இந்தச் சாதனங்களைச் சட்டப்படி கொடுக்க ஒரு காசு தேவையில்லை. எந்த வாசலில், எந்த நேரத்தில் கொடுப்பது என்பது தெரியாமல்தான் பலர் பணம் கட்டுகிறார்கள்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அந்த ஃபிரிட்ஜும் மெஷினும் யாருடையவை? வீட்டு உரிமையாளருடையதாக இருந்தால், கெட்டுப்போனதாகவே இருந்தாலும் உங்கள் விருப்பத்துக்குத் தூக்கிப் போட முடியாது. வாடகை ஒப்பந்தத்திலும், சாவி வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புக் குறிப்பிலும் அவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதியிருந்தால், பழுது பார்ப்பதோ மாற்றுவதோ பெரும்பாலும் அவர் பொறுப்பு. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போனது என்றால், அதை அகற்றலாம் என்று உரிமையாளரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடு காலி செய்யும் நாளில் முன்பணத்திலிருந்து ஃபிரிட்ஜ் விலையைக் கழிக்கும் தகராறு அந்த இரண்டு வரியில் நின்றுவிடும்.

அடுத்து, நீங்கள் எப்படியும் புதிய ஃபிரிட்ஜும் மெஷினும் வாங்கத்தான் போகிறீர்கள். பழையதைக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. எலெக்ட்ரோ-கே என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மின்சாதனச் சட்டத்தின்படி, மின்சாதனங்களுக்கான விற்பனைப் பரப்பு 400 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள கடை, புதியது வாங்கும்போது அதே வகைப் பழையதை இலவசமாகத் திரும்ப எடுத்தாக வேண்டும். ஆன்லைன் விற்பனையாளருக்கும் இது உண்டு. அங்கே கிடங்கின் பரப்பைக் கணக்கில் எடுப்பார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி போன்றவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்போது, பழையதை அதே இடத்திலிருந்து கட்டணமில்லாமல் எடுத்துப்போக வேண்டும்.

சிக்கல் வருவது ஆர்டர் போடும் பக்கத்தில். பழைய சாதனம் கொடுக்க இருக்கிறதா என்று அங்கேயே கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் டிக் செய்யாமல் விட்டால், வண்டியில் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், ஓட்டுநர் கையை விரித்துவிடுவார். இன்னொன்று, "நடைபாதை விளிம்பு வரை" என்ற டெலிவரியைத் தேர்ந்தெடுத்தால் பழையதையும் நீங்கள்தான் நடைபாதை வரை இறக்க வேண்டியிருக்கும். நான்காவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு என்றால், "பொருத்தும் இடம் வரை" என்பதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது புத்திசாலித்தனம். எடுக்க வருபவர்கள் சாதனத்தைக் கழற்ற மாட்டார்கள். இணைப்புகளை எடுத்து, காலி செய்து, வழியை ஒதுக்கித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, கதவைத் திறந்துவைத்து, கீழே துணி போட்டு ஐஸ் உருக விடுங்கள். அடியிலோ பின்னாலோ தேங்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுக்குத் தட்டுகளை டேப் போட்டு ஒட்டுங்கள். பின்பக்கக் கம்பிச் சுருளையும் குழாயையும் எக்காரணம் கொண்டும் வளைக்கவோ வெட்டவோ கூடாது. இன்றைய ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. உள்சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆர்600ஏ என்று போட்டிருக்கும். அது எளிதில் தீப்பற்றும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றில் ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரோஃபுளோரோகார்பன் இருக்கலாம், அதுவும் குழாயில் இருப்பதைவிடச் சுவருக்குள் அடைத்த நுரையில் அதிகமாக. ரோட்டோரம் நிற்கும் ஃபிரிட்ஜிலிருந்து செம்புக்காக யாராவது கம்ப்ரெசரைப் பிடுங்கிப்போனால், குழாயில் உள்ளது அந்த நிமிடமே காற்றில் கலந்துவிடும். ரோட்டில் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு எனக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

வாஷிங் மெஷினுக்கு வரிசை முக்கியம். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, பிறகு உள்வரும் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸுக்குள் அழுத்தத்தோடு கொஞ்சம் தண்ணீர் நிற்கும், வாளி வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கீழே சிறு மூடிக்குள் பம்பு வடிகட்டி இருக்கிறது. தட்டையான பாத்திரம் ஒன்றை அடியில் வைத்து மெதுவாகத் திருகினால் தேங்கிய தண்ணீர் வடியும். டிரம் சுற்றாமல் நின்றுபோன மெஷினில் லிட்டர்கணக்கில் இருக்கலாம். முழுவதும் ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். கழிவுநீர் ஹோஸை வாஷ்பேசின் அடியிலுள்ள வளைகுழாயிலிருந்து எடுத்தால், அந்த வாயை அன்றே மூடி போட்டு அடைக்க வேண்டும். இதைத்தான் பலரும் மறப்பார்கள். மறந்தால் அடுத்த முறை முகம் கழுவும் தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டும், கீழ்வீட்டுக் கூரைவரை போகும்.

மெஷினின் எடை 60 முதல் 80 கிலோ. ஆட்டத்தை அடக்க உள்ளே வைத்திருக்கும் கான்கிரீட் கட்டிக்கு அதில் கணிசமான பங்கு. இரண்டு பேர், தோள்பட்டை வார், கைத்தள்ளுவண்டி இல்லாமல் படியில் இறக்காதீர்கள். மேல்மூடியையோ கண்ணாடிக் கதவையோ பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். மின்அடுப்பும் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் 400 வோல்ட் மும்முனை இணைப்பில் நேராகச் சுவரிலிருந்து வரும், எலெக்ட்ரீஷியன்தான் கழற்ற வேண்டும்.

புதியது வாங்கவில்லை, அல்லது ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் நகராட்சி நடத்தும் மறுசுழற்சிச் சேகரிப்பு மையமான வெர்ட்ஸ்டோஃப்ஹோஃப் இருக்கிறது. சில ஊர்களில் ரீசைக்ளிங்ஹோஃப் என்பார்கள். வீட்டு அளவிலான மின்சாதனங்களை அங்கே இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்த ஊரில் வசிப்பவரா என்று வாசலில் கேட்பது சகஜம். நம் பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முகவரி இருக்காது. வசிப்பிட அனுமதி அட்டையையோ, முகவரி பதிந்தபோது கொடுத்த மெல்டெபெஷ்டேடிகுங் தாளையோ எடுத்துப்போங்கள். ஞாயிறு மூடியிருக்கும், திங்களும் சில இடங்களில் இருக்காது, சனிக்கிழமை காலை வரிசை நீளும். வார நாளில் போவது நல்லது.

உள்ளே பொருளைத் தவறான கூண்டில் வைத்தால் திருப்பி எடுக்கச் சொல்வார்கள். ஃபிரிட்ஜ், ஃப்ரீசர், ஏசி ஒரு பக்கம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டரும், ஹீட் பம்ப் வகைத் துணி உலர்த்தியும் அதே பக்கம்தான். பார்க்க வாஷிங் மெஷின் மாதிரி இருக்கிறதே என்று உலர்த்தியைப் பெரிய சாதனங்களோடு வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. டிவி, மானிட்டர், லேப்டாப் திரைப் பிரிவில் சேரும். வாஷிங் மெஷின், அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின் பெரிய சாதனங்களில். மிக்சி, வயர், செல்பேசி சிறியவற்றில். கொடுத்த பிறகு "அந்த வயர் மட்டும் வேண்டும்" என்று குனிந்து எடுக்க முடியாது. அங்கிருக்கும் மற்றவர் பொருளையும் எடுக்கக் கூடாது.

கார் விஷயம். வாடகை வேன் எடுத்து நாமே ஓட்டிப்போகலாம் என்று தோன்றும். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம் வரைதான் செல்லும். உங்களுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஜெர்மன் உரிமம் உள்ள நண்பரை ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊரின் குப்பை நிர்வாகத் தளத்தில் பெரிய மின்சாதனங்களுக்கு வீட்டுவாசல் சேகரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில ஊர்களில் இலவசம், சிலவற்றில் கட்டணம். ஷ்பெர்மூல் எனப்படும் பெரும்பொருள் குப்பையோடு மின்சாதனமும் சேருமா என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும். சோபா எடுக்கும் வண்டி ஃபிரிட்ஜை விட்டுவிட்டுப் போவது வழக்கம். முன்பதிவு செய்த நாளுக்கு மட்டுமே வெளியே வைக்கலாம்.

சிறிய பொருள்களுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். எந்தப் பக்கமும் 25 சென்டிமீட்டரைத் தாண்டாத சாதனத்தை, எதுவும் வாங்காமலே, 400 சதுர மீட்டர் மின்சாதனக் கடையில் கொடுக்கலாம், ஒரு வகைக்கு மூன்று வரை. 2022 ஜூலை 1 முதல் இது மளிகைக் கடைகளுக்கும் பொருந்தும்: மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டரைத் தொட வேண்டும், ஆண்டில் பல முறையாவது மின்சாதனம் விற்க வேண்டும். ஆல்டி, லீடில், ரேவே கிளைகளில் பல இதில் வந்துவிடும். பெட்டி கண்ணில் படாவிட்டால் கல்லாவில் கேளுங்கள். வேலைக்குப் புதிதாக வந்தவர் "இங்கே எடுப்பதில்லை" என்றால் கடைப் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இது அவர்கள் செய்யும் தயவு அல்ல, கடமை. சத்தமிடும் பொம்மை, மினுங்கும் ஷூ, இசைக்கும் வாழ்த்து அட்டை, இ-சிகரெட் எல்லாமே மின்சாதனம்தான், வீட்டின் மீதக் குப்பைக்கான கறுப்புத் தொட்டியிலும், பொதி உறைகளுக்கான மஞ்சள் தொட்டியிலும் போடக் கூடாது.

பல்பில் ஒரு பிரிவினை உண்டு. பழைய இழைப் பல்பும் ஹாலஜனும் கறுப்புத் தொட்டிக்கே போகும். எல்இடி, ட்யூப்லைட், சுருள் விளக்கு (சிஎஃப்எல்) மூன்றும் சேகரிப்புக்குப் போக வேண்டும். பின்னிரண்டில் பாதரசம் இருக்கிறது. கையில் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, வேக்குவம் கிளீனர் போடாமல், அட்டையாலும் டேப்பாலும் ஒற்றியெடுத்து மூடிபோட்ட பாட்டிலில் கொண்டுபோங்கள்.

பேட்டரி கழற்றும்படி இருந்தால் கழற்றித் தனியாகக் கொடுப்பது சட்டம். லித்தியம் என்றால் முனைகளில் டேப் ஒட்டுங்கள், முனைகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பற்றலாம். செல்பேசிக்குள் ஒட்டியிருப்பதை நெம்ப வேண்டாம், அப்படியே கொடுத்து உள்ளே பேட்டரி இருக்கிறது என்று சொல்லுங்கள். உப்பிய பேட்டரியைக் கடைப் பெட்டியில் போடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், தபாலில் அனுப்பாதீர்கள். உலோக டப்பாவில் மணலுக்குள் வைத்துச் சேகரிப்பு மையத்து ஊழியர் கையில் கொடுங்கள்.

செல்பேசியை அழிப்பதற்கு முன் வங்கியின் டான் செயலியை (பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் செயலி) புதிய போனுக்கு மாற்றிவிடுங்கள். அவசரப்பட்டு அழித்துவிட்டால், பல வங்கிகள் புதிய குறியீட்டைத் தபாலில்தான் அனுப்பும். அது வரும்வரை வாடகைகூட அனுப்ப முடியாமல் தவிப்பீர்கள். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பின்பே ரீசெட். வெளியேறாமல் ரீசெட் செய்த போன் பூட்டிக்கொள்ளக்கூடும், அப்படியானால் யாருக்கும் பயன்படாது. லேப்டாப் ஓடினால் விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு, டிரைவையும் சுத்தம் செய் என்று இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஓடாவிட்டால் அடிமூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

ஓடும் நிலையில் உள்ளது எதுவானாலும் மறுபயன்பாட்டுக்குப் போவதே நல்லது. பழைய பொருள் விற்று வாங்கும் கிளைன்அன்ட்சைகன் தளத்தில் "இலவசம்" பிரிவில், படியிலிருந்து தாங்களே எடுக்க வேண்டும் என்று எழுதிப் போட்டால் அன்றே ஆள் வரும். விற்பதானால் குறையை மறைக்காமல் சொல்லி, தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை என்றும் எழுதுங்கள். பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வந்தால் அது மோசடி. கையில் காசு வாங்குங்கள்.

எடைக்கு எடுப்பவர்கள் கட்டடத்து வாசலில் துண்டுச்சீட்டோடு ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்துப்போவார்கள். இரும்புச் சட்டியைக் கொடுப்பது வேறு விஷயம். மின்சாதனத்தைச் சேகரிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. நகராட்சி, விற்பனையாளர், தயாரிப்பாளர், சான்றளிக்கப்பட்ட பிரிப்பு நிலையம் தவிர யாரும் சேகரிக்கக் கூடாது. அதேபோல நம் நாட்டுக்குக் கன்டெய்னரில் பொருள் அனுப்புபவர் "பழுதானாலும் கொடுங்கள், அங்கே சரி செய்துகொள்வோம்" என்றால் மறுத்துவிடுங்கள். சோதித்து, ஓடுகிறது என்று சான்றோடு பொதிந்த பழைய சாதனம்தான் பொருளாகக் கணக்கு. ஓடாதது கழிவு. 2025 ஜனவரி 1 முதல் நாடுகளுக்கிடையே கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கைப்படி மின்கழிவு எதுவானாலும் பெறும் நாட்டின் முன் சம்மதம் வேண்டும்.

பழைய டிவியைக் கொடுத்துவிட்டால் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்காது, 2013 முதல் அது வீட்டுக்கு வீடு, டிவி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்த வயர்ப் பெட்டியில் இணைய நிறுவனத்தின் ரௌட்டர் இருக்கிறதா என்று மட்டும் கடைசியாக ஒருமுறை துழாவுங்கள். வாடகை ரௌட்டர் என்றால் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பிய ரசீதைக் கணக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.