பெயர் யார் பெயரில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

என் ஊர் கீழக்கரை. சென்னையில் டொமைன், அதாவது வெப்சைட்டுக்கான பெயர், விற்கும் நிறுவனத்தில் மூன்று வருடமாக சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். நாள் முழுக்க போன், மாதக் கடைசியில் டார்கெட். வாப்பா சங்கு வியாபாரம் செய்தவர். "சங்கை ஊதிப் பார்த்து வாங்கலாம். நீ விற்கிறதை எப்படிடா பார்க்கிறது?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதிலேயே இருக்கலாமா, வேறு வேலை பார்க்கட்டுமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் விற்பது குத்தகை என்று வாப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். ஒரு டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் எடுக்கலாம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் சாசுவதமாகக் கிடைக்காது. குத்தகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

என் மச்சான் பாம்பனில் கருவாட்டு வியாபாரி. 2016இல் ஒரு ரீசெல்லரிடம், அதாவது பெரிய நிறுவனத்திடம் பெயர் வாங்கி விற்கும் இடைத்தரகரிடம், வெப்சைட் போட்டார். அந்த ஆள் டொமைனைத் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிந்துகொண்டார். எங்களுக்குத் தெரியாது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாளுக்குள் ஒரு முறையும் நினைவூட்ட வேண்டும் என்பது இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. நினைவூட்டல் எல்லாம் அந்த ஆளுக்குத்தானே போயிருக்கும்? அவர் அதற்குள் தொழிலை மூடிவிட்டுப் போய்விட்டார். பெயரை நீக்கிய பிறகும் 30 நாள் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். ஆனால் பதிந்தவர்தான் மீட்க முடியும். அதற்கப்புறம் 5 நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மச்சானுக்கு விஷயம் தெரிந்தபோது வேறு யாரோ எடுத்திருந்தார்கள். அந்தப் பெயர் அச்சடித்த நெத்திலிக் கவர்களைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், இந்த வேலையில் இருங்கள். உங்களைப் போல ஒருவர் அன்று போனில், "அண்ணே, உங்க மின்னஞ்சலைக் கொடுங்க, உங்க பெயரிலேயே பதியிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும்.

விலையையும் அப்படியே சொல்லுங்கள். ஒரு டாட் காமுக்கு உங்களைப் போன்ற நிறுவனங்கள் கட்டும் மொத்த வியாபார விலையே 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. முதல் வருடம் 99 ரூபாய் என்றால் அந்த நஷ்டத்தை ரெனியூவலில்தான் எடுப்பார்கள். அந்த ரெனியூவல் தொகையை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாத டார்கெட் கொஞ்சம் அடிபடும், ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடமும் உங்களையே தேடுவார். ரீசெல்லர்களைக் கவனிக்கும் பொறுப்பு, பழைய பெயர்களை வாங்கி விற்கும் தரகு என்று மேலே போவதற்கும் இந்த நம்பிக்கைதான் கைகொடுக்கும்.

இன்னொன்று. கீழக்கரைக் கடைப் பலகையில் தமிழில் இருக்கும் பெயரை அப்படியே தமிழில், டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும்படி பதியலாம். தமிழ் மின்னஞ்சலைப் பல தளங்கள் இன்னும் ஏற்பதில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மச்சான் இப்போது டாட் இன்னில் வேறு பெயர் எடுத்திருக்கிறார், தன் மகளின் மின்னஞ்சலில். பழைய கவர்களை மட்டும் தூக்கிப் போட மனசு வராமல் குடோனில் வைத்திருக்கிறார்.