லேப்டாப்பில் அலங்காரம்: எதை வைப்பது, எதை எடுப்பது?

கேள்வி: 2019இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 11க்கு மாற்றியபின் அசையும் வால்பேப்பர், கண்ணாடி மாதிரி டாஸ்க்பார், மேக் பாணி ஐகான் வரிசை எல்லாம் போட்டேன். இப்போது எக்செல் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. கடையில் கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். போடலாமா, அல்லது அலங்காரத்தை மொத்தமாக எடுத்துவிடவா?

பதில்: அந்தக் கடையில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மேசைக் கம்ப்யூட்டர் மாதிரி கார்டு செருக இடம் கிடையாது. போட்டுத் தருகிறேன் என்பவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது தெரியும்.

மூன்றில் பெரிய தீனி அசையும் வால்பேப்பருக்குத்தான். பின்னால் ஒரு வீடியோ ஓடுவதற்குச் சமம். உங்கள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இருக்காது, அதே 4 ஜிபியில்தான் பங்கு கேட்கும். நீக்குங்கள். ஐகான் வரிசை, டாஸ்க்பார் செய்கிற வேலையையே இரண்டாம் முறை செய்கிறது, அதுவும் போகட்டும். கண்ணாடி விளைவு இருக்கலாம், செலவு குறைவு. ஆனால் விண்டோஸிலேயே உள்ள சுவிட்ச் போதும். கண்ட தளத்தில் இறக்கிய தீம், "நிறுவும்வரை டிஃபென்டரை (விண்டோஸின் சொந்த வைரஸ் காவலாளி) அணைத்து வையுங்கள்" என்று சொன்னால் அந்த நிமிடமே அழியுங்கள். சிஸ்டம் ஃபைலைத் திருத்தும் தீம்கள் அடுத்த அப்டேட்டில் உடைந்து, திரையே வராமல் போவதும் உண்டு.

மற்ற விளைவுகளுக்கு ஸ்டார்ட் தேடலில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, 'அட்ஜஸ்ட் தி அப்பியரன்ஸ்' என்று தொடங்குவதைத் திறங்கள். கண்ணாடிக்கும் அசைவுக்கும் சுவிட்ச் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள், கண்ணாடிக்கு மட்டும் இன்னொன்று கலர்ஸில், மீதியெல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இந்தச் சின்னப் பெட்டியில். இத்தனை வருடத்தில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க மைக்ரோசாஃப்டுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெட்டியில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' அழுத்தினால் எல்லா டிக்கும் போய்விடும். யூடியூப் வீடியோக்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. நிறுத்தாதீர்கள். 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்க்ரீன் ஃபாண்ட்ஸ்' டிக்கைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும். ஆங்கிலம் நேர்கோடுகளால் ஓரளவு தப்பிக்கும். நம் எழுத்து முழுக்கச் சுழி. சிறிய அளவில் ணகரமும் னகரமும் ஒன்றுபோல் தெரியும், புள்ளி எழுத்தோடு ஒட்டும், அரை மணி நேரத்தில் கண் வலிக்கும். இந்த டிக்கால் வேகம் குறையாது. ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஒரு தமிழ்ப் பட்டியலைத் திறந்ததும் தெரிந்துவிடும். விண்டோ நிழலையும் வையுங்கள். இரண்டு வெள்ளை விண்டோ ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது எது எங்கே முடிகிறது என்று காட்டுவது அதுதான்.

இவ்வளவும் செய்தால் கொஞ்சம் மூச்சு விடும், அவ்வளவுதான். 4 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கிறது. எக்செல் தாமதம் அங்கிருந்து வருகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்திருந்த பணத்தில், ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாற்றுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', அதாவது ரேம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது தெரியும்; 1 ஆஃப் 2 என்றிருந்தால் 4 ஜிபி ரேம் ஒன்றையும் சேர்க்கலாம்.

எஸ்எஸ்டியிலும் ஏமாற்று உண்டு. பழையதைத் துடைத்துப் புதிது என்று மாட்டுவார்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது இதுவரை ஓடிய மணி நேரம் பாருங்கள். புதியதில் ஒரு சில மணி நேரத்துக்கு மேல் காட்டக்கூடாது. கழற்றிய ஹார்டு டிஸ்கையும் கேட்டு வாங்குங்கள், உங்கள் கோப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.