ஓரடி மண்ணைச் சுரண்டுவதற்கு முன்

கேள்வி: ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் முன்பு பழைய பேட்டரி உடைக்கும் இடம் இருந்ததாம். இப்போது மூடிவிட்டார்கள். பத்து இடத்தில் மண் எடுத்து, கலந்து, பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஈயம் கிலோவுக்கு 380 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. மேல்மண்ணை ஓரடி சுரண்டி எறியச் சொல்கிறார்கள். ஈயத்தைத் தின்னும் நுண்ணுயிர்க் கரைசல் இருப்பதாக உரக்கடைக்காரர் சொல்கிறார். சூரியகாந்தி போட்டால் உறிஞ்சிவிடும் என்றும் படித்தேன். கீரை, முள்ளங்கி போடுவதாக இருந்தேன். கோழிகளும் இரண்டு பசுக்களும் உண்டு. மூன்று வயதுப் பேரன் எங்களோடுதான் இருக்கிறான். எதைச் செய்தால் நிலம் சுத்தமாகும்?

பதில்: பேரனைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அவனிடமிருந்து தொடங்குகிறேன். மண்ணில் ஈயம் இருப்பது மட்டுமே ஆபத்து ஆகிவிடாது. அது யார் வயிற்றுக்குள், எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கணக்கு. மூன்று வயதுப் பிள்ளை மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பான். உங்கள் செருப்பில் ஒட்டிய தூசி வீட்டுத் தரையில் உதிரும். முள்ளங்கியால் வருவதைவிட இந்த வழியில் வருவது அதிகம். வயல் செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள், பேரனை அந்தப் பக்கம் விடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி அவனுக்கு ரத்தத்தில் ஈயம் பாருங்கள். இதற்கெல்லாம் மண்வெட்டியே தேவையில்லை.

380 என்ற எண்ணை வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. குழந்தைகள் வசிக்கும் இடத்து மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 400 என்று வைத்திருந்த எச்சரிக்கை அளவை 2024-இல் 200 ஆகக் குறைத்தது. ஆள் நடமாட்டமில்லாத மரத்தோப்புக்கு அதே எண்ணை வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. நிலம் எதற்குப் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் மண் எடுத்த விதம். பத்து இடத்தில் எடுத்துக் கலப்பது உரப் பரிந்துரைக்குச் சரி. தழைச்சத்துக்குச் சராசரி போதும். நச்சுக்குச் சராசரி பார்ப்பது உங்களையே ஏமாற்றும். ஒன்பது இடத்தில் 50 இருந்து, வேலியோர மூலை ஒன்றில் மட்டும் 3,350 இருந்தாலும் சராசரி 380-தான் வரும். நிலம் முழுக்க ஒரே மாதிரி 380 இருந்தாலும் அதேதான். இரண்டும் வேறு வேறு நிலம், வேறு வேறு வைத்தியம். என்னிடம் வரும் இப்படிப்பட்ட கடிதங்களில் பாதிக்கு மேல் ஒற்றைக் கலவை எண்ணோடுதான் வருகின்றன. அதை வைத்துப் பதில் சொல்வது குருடன் யானையைத் தடவிய கதைதான்.

ஆகவே நிலத்தைக் கட்டம் போடுங்கள். வேலியோரம் நெருக்கமாக, தள்ளிப் போகப் போக அகலமாக. ஒவ்வொரு கட்டத்து மண்ணும் தனிப் பையில், தனி எண்ணோடு. மேலே இரண்டு அங்குலம் தனி, அதற்குக் கீழே ஓரடி வரை தனி; தூசியாய்ப் பறப்பது மேல்மண்தானே. கறுப்பு பிளாஸ்டிக் சில்லு, சாம்பல் நிறத் தகட்டுத் துண்டு கிடக்கும் இடங்களையும், மழைநீர் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் தடத்தையும் விட்டுவிடாதீர்கள். கூடவே பி.எச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்), நச்சுத் தனிமங்களான ஆர்செனிக், காட்மியம், ஆண்டிமனி ஆகியவற்றின் அளவும் கேளுங்கள். பேட்டரித் தகட்டில் ஈயத்தோடு ஆண்டிமனியும் ஆர்செனிக்கும் சேர்ப்பதுண்டு. கிணறு இருந்தால் தண்ணீரையும் கொடுங்கள். செலவாகும்தான். மண் அள்ளும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

ஏனென்றால் ஒரு ஏக்கரில் ஓரடி மண் என்பது சுமார் 1,200 கன மீட்டர், ஏறக்குறைய 1,600 டன். அதை எங்கே கொட்டுவீர்கள்? இன்னொருவர் வயலிலா? போவது உங்கள் வளமான மேல்மண், வருவது எங்கிருந்தோ வெட்டிய மண். அந்த மண்ணையாவது யாராவது சோதித்தார்களா? மூலையில் மட்டும் எண் எகிறினால், அங்கே மட்டும் அள்ளி, அபாயக் கழிவாக முறைப்படி ஒப்படையுங்கள். அதுவரை அந்த இடத்தை வேலி கட்டி, புல் மூடிவிடுங்கள்.

நுண்ணுயிர்க் கரைசலை வாங்காதீர்கள். ஈயம் ஒரு தனிமம், அதை உடைத்து வேறொன்றாக்க நுண்ணுயிரால் முடியாது. டீசல் சிந்திய மண்ணென்றால் நுண்ணுயிர் அதைச் சிதைக்கும். ஈயத்தைத் தின்று தீர்க்கும் உயிர் எதுவும் கிடையாது. தெரிந்தே விற்கிறவர் ஏமாற்றுகிறார், தெரியாமல் விற்கிறவருக்குக் கடை எதற்கு? சூரியகாந்தியும் அப்படித்தான். ஈயம் வேரைத் தாண்டித் தண்டுக்கு மிகக் குறைவாகவே ஏறும். ஏற வைக்க, உலோகத்தைப் பற்றிக் கரைக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றினால் அது ஈயத்தை மண்ணிலிருந்து பிரித்துக் கிணற்றுக்கு இறக்கிவிடும்.

கீரையையும் முள்ளங்கியையும் தள்ளி வையுங்கள். இலையிலும் கிழங்கிலும் மண் ஒட்டும், அதோடு ஈயமும் வரும். தக்காளி, கத்தரி, பந்தல் கொடிகள், பழமரங்கள் பரவாயில்லை. மழைத்துளி மண்ணைத் தெறிக்காதபடி மூடாக்கு போடுங்கள். கோழி கிளறித் தின்னும். அதற்கு நோய் தெரியாமலே முட்டையில் ஈயம் வந்துவிடும். பசு தகட்டுத் துண்டை நக்கினால் சாகக்கூடும். இரண்டையும் அங்கே விடாதீர்கள், முட்டையைச் சோதிக்கும்வரை பேரனுக்குக் கொடுக்காதீர்கள்.

பேட்டரி அமிலம் பட்ட மண் புளித்திருக்கும். புளித்த மண்ணில் ஈயம் எளிதாக இளகும். சுண்ணாம்பு இட்டு பி.எச்சை 6.5-க்கு மேல் கொண்டுவந்து, மட்கு நிறையச் சேர்த்தால் கட்டுப்படும். பாஸ்பேட்டும் ஈயத்தைக் கரையாத வடிவில் பூட்டும். ஆனால் ஆர்செனிக் இருந்தால் அதே பாஸ்பேட் அதை அவிழ்த்துவிடும். அதிகச் சுண்ணாம்பும் அப்படியே. எனவே ஆர்செனிக் எண் வரும்வரை இரண்டையும் தொட வேண்டாம். அறிக்கை வந்ததும் கட்டம் போட்ட வரைபடத்தோடு அனுப்புங்கள். எந்தக் கட்டத்தில் எது, எவ்வளவு என்று அப்போது சொல்கிறேன்.