இங்கிலாந்தின் சஃபோக் பண்ணை வீட்டில் கறுத்த கைமரங்கள்: சுத்தம் செய்யலாமா?

கதவுக்கு மேலே 1720 என்று செதுக்கியிருக்கிறது, பரணில் கைமரங்கள் எல்லாம் கறுப்பு, பழைய தீ விபத்தாக இருக்கும், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யவிடாதீர்கள். டார்ச் அடித்துக் கிட்டே போய்ப் பாருங்கள்: தீயில் வெந்த மரம் என்றால் மேற்பரப்பு கட்டம் கட்டமாக வெடித்து விளிம்புகள் கரைந்திருக்கும், உங்கள் படத்தில் விளிம்பு கூராகவே இருக்கிறது, கரி சீராக, லேசான பளபளப்போடு படிந்திருக்கிறது. அது அடுப்புப் புகைதான். இடைக்கால வீடுகளில் நடுக்கூடத்துக்கு மேல் மாடியும் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. தரையில் நெருப்பு எரியும், புகை கூரைவரை ஏறிக் கசிந்து போகும். செங்கல் புகைபோக்கியும் மாடித் தளமும் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில்தான் உள்ளே வந்தன. வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மரமாக இருந்தால் கறுப்பு திட்டுத்திட்டாக, மூட்டுகளில் பொருந்தாமல் தெரியும். அப்படி இல்லையென்றால் உங்கள் கூரை 1720க்கு ரொம்பவே முந்தியது, அந்த வருஷம் யாரோ முகப்பைப் புதுப்பித்திருக்கலாம். மரவளையங்களை எண்ணிக் காலம் கணிப்பவர்களைக் கூப்பிட்டால் மரம் வெட்டிய வருஷமே தெரியவரலாம், எனக்கே ஆவலாக இருக்கிறது. அப்புறம், அது அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் அனுமதியில்லாமல் இப்படிக் கைவைப்பது 1990 சட்டப்படி குற்றமாகலாம், முதலில் உள்ளூர் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் பேசுங்கள்.